பின்சக்கரத்துக்கும் ஷாக் வேண்டுமா?

புனே பக்கத்துச் சாகணில் ஷிப்ட் முடிகிற நேரத்து டீக்கடையில் டிராஃபிக், வெங்காய விலை, வண்டி, இந்த மூன்றைத்தான் பேசுவோம். அன்று ஓர் ஓசூர்ப் பையன் நாலாவதாக ஒன்றைக் கொண்டுவந்தான். உதிரிபாகக் கம்பெனியில் தரச் சோதனையில் இருப்பவன். "அண்ணே, ஹிமாச்சல்ல எம்டிபி ஹிமாலயான்னு பல நாள் மலைச் சைக்கிள் ரேஸ் இருக்காமே. அதுக்கு ஹார்ட்டெயில் வாங்கவா, ஃபுல் சஸ்பென்ஷனா?"

"மோனோஷாக் தெரியுமில்ல உனக்கு?"

பஜாஜின் சாகண் ஆலையில் கேடிஎம் மோட்டார் பைக் வெளிவருகிற ஊரில் கேட்கிற கேள்வியா இது! பையன் சிரித்தான். நான் சொன்னேன்: "அதுதான் தம்பி ஃபுல் சஸ்பென்ஷன். முன்னால ஃபோர்க், பின்னால ஒரு ஷாக். ஹார்ட்டெயில்ல முன்னால மட்டும்தான். ஆனா ஒரு வித்தியாசம். அங்க இன்ஜின் தனியா இருக்கு. இங்க இன்ஜினே நீதான்."

ஹார்ட்டெயிலில் பின்சக்கரம் கல்லில் ஏறினால் அடி நேரே சீட்டுக்கு வரும். ஓட்டுகிறவன் எழுந்து நிற்பான்; முழங்காலும் இடுப்பும் ஷாக் வேலையைப் பார்க்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு அது பெரிதில்லை. ஐந்தாவது மணியில், மிதிக்க வேண்டிய தொடை குலுக்கலைத் தாங்கித் தாங்கியே களைத்துப் போயிருக்கும். பின்ஷாக் இருந்தால் கரடுமுரடிலும் உட்கார்ந்தபடியே மிதிக்கலாம். சரளை மேட்டில் சக்கரம் துள்ளாமல் தரையோடு ஒட்டியே போவதால் பிடிமானமும் கூடும்.

"கனம் அதிகமாச்சேண்ணே?"

சுமார் ஒன்றரை கிலோ கூடும் என்று வை. நீ 75, சைக்கிள் 12, மொத்தம் 87 கிலோ. அதில் ஒன்றரை கிலோ இரண்டு சதவீதம்கூட இல்லை. ஒரு மணி நேர ஏற்றத்தில் ஏறக்குறைய ஒரு நிமிஷம்தான் போகும். மிதிக்கும்போது ஷாக் மேலும் கீழும் அசைந்து கொஞ்சம் பலத்தைத் தின்னும். நல்ல ரோட்டில் லாக் போட்டுக்கொள்ளலாம்.

2012 லண்டன் ஒலிம்பிக்கின் மலைச் சைக்கிள் பந்தயத்தில் செக் நாட்டின் குல்ஹாவி ஃபுல் சஸ்பென்ஷனில் தங்கம் வாங்கினார். ஹார்ட்டெயிலில் வந்த சுவிஸ் வீரர் நீனோ ஷூர்ட்டர் ஒரே விநாடி பிந்தினார். அடுத்த ஒலிம்பிக்கில், 2016 ரியோவில், ஷூர்ட்டரே ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மாறி ஜெயித்தார். அதெல்லாம் ஒன்றரை மணி நேரப் பந்தயம். தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் எட்டு நாள். அங்கே முன்னணியில் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஃபுல் சஸ்பென்ஷன்தான்.

"அப்ப அதையே வாங்கிடவா?"

இங்கேதான் நான் பின்வாங்குவேன். அதே தரத்து உதிரிபாகத்தோடு வாங்கினால் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு விலை எக்கச்சக்கமாகக் கூடும். குறைந்த பட்ஜெட்டில் கிடைப்பது கனத்த இரும்பு ஸ்பிரிங் வைத்த ஊஞ்சல். அதற்கு நல்ல ஹார்ட்டெயில் எவ்வளவோ மேல். அப்புறம் மழைக்காலம். ஜூன் பிறந்தால் நம் பக்கத்துக் கரிசல் சேறு ஒவ்வொரு மூட்டு பேரிங்கிலும் புகும். காற்று ஷாக்குக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை சிறு சர்வீஸ் என்று பல கம்பெனிகள் சொல்கின்றன. பயிற்சி எடுக்கிறவனுக்கு அது ஒரு மாசக் கணக்கு. யார் செய்வார்கள்? புனேக்குள் கொண்டுபோகணும், காத்திருக்கணும். பந்தயத்துக்கு முந்தின வாரம் ஷாக்கில் காற்று இறங்கினால் நிம்மதியும் சேர்ந்து இறங்கும்.

"அதனால முதல் ரேஸுக்கு நல்ல ஹார்ட்டெயில். முடிச்சிட்டு வா. கடைசி மணி நேரத்துல முதுகும் இடுப்பும் உன்னை நிறுத்தியிருந்தா, அடுத்தது ஃபுல் சஸ்பென்ஷன். மூச்சுதான் நிறுத்துச்சுன்னா, காசை மிச்சம் பிடி."

துகாராம் தியானம் செய்ததாகச் சொல்கிற பாம்சந்திர மலைப் பக்கம், இரண்டு வகை இரவல் வண்டிகளிலும் வண்டிக்கொரு ஞாயிறு நாலு மணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, வேப்பமரத்தில் சாய்த்திருந்த தன் பழைய சைக்கிளைக் காட்டினான். அதிலேயே போகிறானாம், குலுக்கல்தான் உயிரை எடுக்கிறதாம். போய் பின் டயரை அழுத்திப் பார்த்தேன். கருங்கல்.

"எவ்ளோ காத்து?"

"ஐம்பது பிஎஸ்ஐ இருக்கும்ணே. பெட்ரோல் பங்க்ல அடிச்சேன்."

முப்பதுக்கு இறக்கச் சொல்லிவிட்டு இன்னொரு கட்டிங் டீ சொன்னேன்.