ஒரே பெயர், இரண்டு கோப்புறை

எமது மன்றத்துக்கு வரும் ஆக்கங்களை ஊர்வாரியாகப் பிரித்து, மின்னஞ்சலில் எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுக் கோப்புறைகளில் சேமிக்கிறோம். இம்முறை ‘பொல்பிட்டிய’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் தெரிந்தன. ஒன்றில் ஏழு ஆக்கங்கள். மற்றதில் என் தோழியின் கதை மட்டும். ஆசிரியர் குழு முதலாவதை மட்டுமே திறந்தது. “என்ட கதை சரியில்ல போல” என்று அவள் வாய்திறக்காமல் இருந்துவிட்டாள்.

ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகளைச் சேவையகம் ஏற்காது. அப்படியானால் அவை எப்படி உருவாகின?

மின்னஞ்சல் கோப்புறைகளை நிர்வகிக்கும் ஐமேப் என்ற முறையை 1986இல் மார்க் கிறிஸ்பின் உருவாக்கினார். அதில் தமிழ்ப் பெயர்கள் ‘&’ இல் தொடங்கி ‘-’ இல் முடியும் ஆங்கில எழுத்து வரிசையாக மாற்றப்பட்டே சேமிக்கப்படும். 2021இல் வெளியான புதிய பதிப்பு தமிழை நேரடியாக ஏற்றாலும், பழைய முறை இன்னும் பாவனையில் உள்ளது. பழைய மென்பொருளில் திறந்தால் அந்த வரிசையே தெரியும். பெற்றோர் சிலர் அதை வைரஸ் என்று பயப்படுவர், பயப்படத் தேவையில்லை.

எமக்கு உதவியதும் அந்த வரிசைதான். இரு அடையாளங்களையும் விட்டு எண்ணினால் ஒரு பெயரில் 30 எழுத்துகள், மற்றதில் 32. காரணம் ‘பொ’. யுனிகோட்டில் ‘ொ’ என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம்; ‘ெ’, ‘ா’ என இரு குறிகளாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. கொ, கோ, கௌ வரிசைகள் அனைத்திலும் இந்தச் சிக்கல் வரலாம்.

தீர்வு எளிது. கடிதங்களை ஒரு கோப்புறைக்கு நகர்த்தி, மற்றது வெறுமையானதை உறுதிசெய்த பின்பே அழிக்க வேண்டும். பொதுக் கோப்புறையை ஒருவர் அழித்தால் எல்லோருக்கும் அழியும். பெயரை மீண்டும் தட்டாமல் பிரதிசெய்து ஒட்டுவது நல்லது.

இன்னொன்று: பெயரில் முற்றுப்புள்ளியோ சாய்கோடோ வேண்டாம். தோட்டம், டிவிசன், லயம், காம்பரா என்று முகவரியைப் பிரிப்பதுபோல், சேவையகம் அவற்றைக் கொண்டே கோப்புறைகளைப் பிரிக்கிறது. புள்ளியைப் பிரிகுறியாகக் கொண்ட சேவையகத்தில் ‘2.கவிதை’ என்றால், ‘2’ என்ற கோப்புறைக்குள் ‘கவிதை’ போய்விடும். ‘2-கவிதை’ என்றால் பிரச்சினையில்லை.

தோழியின் கதை இந்த இதழில் இருக்கிறது. கிடைக்காத ஆக்கம் எல்லாம் நிராகரிக்கப்பட்டதல்ல. ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.