எம்டனுக்கு எத்தனை மார்க்? நம்ம ஊர் வரலாற்றுல ஒரு ட்ரம்ப் கார்டு கட்டு

தொண்ணூறுகள்ல ஸ்கூல் போனவங்களுக்கு டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டு ஞாபகம் இருக்கும். உயரம், எடை, ரேங்க்னு ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லி எதிராளியோட கார்டைப் புடுங்கணும். 2கே கிட்ஸ், வீட்ல அண்ணன் இருந்தா கேட்டுப் பாருங்க. அதே ஆட்டத்தை நம்ம கடற்கரையோட கதைக்குக் கொண்டுவந்தா எப்படி டிசைன் பண்றதுன்னு இன்னைக்குப் பேசலாம்.

முதல் கார்டு ஈஸி. எம்டன். "அவன் பெரிய எம்டன்டா"ன்னு சொல்றோம்ல, அதுவே. 1914 செப்டம்பர் 22 ராத்திரி இந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துல இருந்த பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைச் சுட்டு எரிச்சது. அரை மணி நேரம், சுமார் 130 குண்டு. கறுப்பு வானம், ஆரஞ்சு நெருப்பு, வரையறவங்களுக்கு விருந்து. ஒண்ணு கவனிங்க, எம்டனுக்கு நிஜத்துல மூணு புகைபோக்கிதான். பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரியறதுக்காக நாலாவதா ஒரு போலியை மாட்டிக்கும்.

ரெண்டாவது கார்டு, வ.உ.சி.யோட காலியா. தூத்துக்குடி - கொழும்பு ரூட்ல ஓடின சுதேசிக் கப்பல். இங்கதான் சிக்கல். பீரங்கின்னு கேட்டா எம்டனுக்கு 10, காலியாவுக்கு 0. வேகம்னாலும் எம்டன்தான். ஒவ்வொரு ரவுண்டும் வ.உ.சி. தோத்துக்கிட்டே இருந்தா அது என்ன கட்டு?

உடனே "தில்: 100"னு ஒரு கட்டம் போடத் தோணும். நானும் போட்டேன், அப்புறம் அழிச்சேன். அது நம்ம கற்பனை நம்பர். ஆனா ஆடுற பசங்க கார்டுல இருக்கிறதைத்தான் மனப்பாடம் பண்ணுவாங்க. அதனால நம்பரை மாத்தாம, கேள்வியை மாத்தணும். 1906-ல ஆரம்பிச்ச சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு 10 லட்சம் ரூபாய் மூலதனம் திட்டம். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. "பங்குகள்"னு ஒரு கட்டம் போட்டா காலியாவுக்கு 40,000, கெய்சரோட கப்பலுக்கு 0. இப்ப ஆட்டம் சூடு பிடிக்கும்.

அடுத்து முகம். வ.உ.சி.ன்னு நினைச்சாலே பல பேருக்கு மனசுல வர்றது 1961-ல வந்த 'கப்பலோட்டிய தமிழன்' சிவாஜிதான். அதை அப்படியே வரைஞ்சா அது சினிமா கார்டு. நடிகரோட முகத்தை அனுமதி இல்லாம வித்தா வம்பும் வரலாம். முகத்துக்கு வ.உ.சி.யோட பழைய போட்டோ. சினிமா வாசனைக்கு அந்தக் கால பேனர் எழுத்தும் அடிக்கிற கலரும். என் தேர்வு அதுதான்.

பிரிண்டுக்கு வர்றப்ப: சைஸ் 63 × 88 மி.மீ., 300 ஜி.எஸ்.எம். அட்டை. நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலா படத்தை இழுத்து விடுங்க, இல்லன்னா வெட்டும்போது ஓரத்துல வெள்ளைக் கோடு வரும். பின்பக்கம் எல்லா கார்டுக்கும் ஒரே டிசைன். இல்லன்னா எதிராளி கண்டுபிடிச்சிடுவான். மானிட்டர்ல பெருசா தெரியற எழுத்தை நம்பாதீங்க. நிஜ சைஸ்ல கறுப்பு வெள்ளையில ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்க. என் முதல் சாம்பிள்ல நம்பரையே படிக்க முடியல.

ரெண்டாவது சாம்பிளை அக்கா பையன்கிட்ட குடுத்தேன். காலியாவைத் தூக்கி "பங்கு 40,000!"னு கத்தி எம்டனைப் புடுங்கிட்டான். அப்புறம் திரும்பி, "மாமா, பங்குன்னா என்ன?" கார்டுல கீழே ரெண்டு வரிக்கு இடம் காலியா கிடந்துச்சு. அதைத்தான் இப்ப எழுதிட்டு இருக்கேன்.