கரிசல் ரோட்டிலிருந்து நேப்பியர் பாலத்துக்கு... என் முதல் 42 கிலோமீட்டர்!

“ஏ தாயி, போலீஸ் செலக்‌ஷனுக்கா ஓடுற?”

அருப்புக்கோட்டை - திருச்சுழி சாலையில் அதிகாலை நாலரை மணிக்கு, மல்லி பறிக்கப் போய்க்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. எனக்கு வயது 43. மகள் கல்லூரியில் படிக்கிறாள்.

அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் பக்கம் ஓடுகிறவர்கள் எல்லோரும் வேலைக்காக ஓடுகிறவர்கள்தான். காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் கடக்க வேண்டும். அதற்காகக் கருவேலங்காட்டு ஓரமாக வெறுங்காலோடு ஓடும் பையன்களை தினமும் பார்க்கலாம். சும்மா ஓடும் பொம்பளையைத்தான் யாரும் பார்த்ததில்லை.

“இல்ல அப்பத்தா, சுகர் வந்துரக் கூடாதுன்னு ஓடுறேன்.”

“அதுக்கு இம்புட்டுத் தூரமா?”

சுகரால் என் அப்பாவுக்கு ஒரு பாதத்தையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. எனக்கு எடுத்த ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.3 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறோம் என்று அர்த்தம். டாக்டர் நடக்கச் சொன்னார். நடை ஓட்டமானது. சென்னையின் முன்னாள் மேயர் மா.சுப்பிரமணியன், சர்க்கரை நோயும் விபத்தில் அடிபட்ட காலும் இருந்தும் நூறுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடியவர் என்று படித்ததும், எனக்கும் ஆசை வந்துவிட்டது.

விருதுநகர் போய்த் திரும்பும் தூரம்

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். எங்கள் ஊர்க் கணக்கில், ஏறக்குறைய அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போய்த் திரும்பும் தூரம்! 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிய வேண்டும் என்று அளந்ததில் வந்ததுதான் இந்தக் கணக்கு. அதற்கு முன், 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானை வென்ற ஸ்பிரிடான் லூயிஸ், தண்ணீர் சுமந்து விற்றவர். எத்தனையோ கோடைகளில் குடத்தோடு நடந்த எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அவர் ஒருவகையில் சொந்தக்காரர்தான்.

டாக்டரிடம் இதயப் பரிசோதனை செய்துகொண்டு, ஆகஸ்ட்டில் பயிற்சியைத் தொடங்கினேன். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம். ஞாயிறு மட்டும் நெடுந்தூரம். போன வாரத்தைவிடப் பத்து சதவிகிதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொதுவான விதி. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். டிசம்பர் நடுவில் 30 கிலோமீட்டர் ஓடி முடித்தேன். கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்து, கால்களுக்கு ஓய்வு கொடுத்தேன்.

வெயில் தெரியும், புழுக்கம் தெரியாது

ஜனவரியில் ஒரு ஞாயிறு. சென்னை மாரத்தான். ‘சென்னை ரன்னர்ஸ்’ அமைப்பு நடத்துவது. எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து 20,000 பேருக்கு மேல் ஓடும் திருவிழா. அதிகாலை 4 மணிக்கு நேப்பியர் பாலத்தில் நின்றபோது, என் ஊர்த் தேர்த் திருவிழாவுக்குக்கூட இவ்வளவு கூட்டம் பார்த்ததில்லையே என்று தோன்றியது. தனியாகவே ஓடிப் பழகியவளுக்குக் கால் நடுங்கியது.

கூட்டம் இழுத்த இழுப்பில் முதல் 10 கிலோமீட்டரை வேகமாக ஓடிவிட்டேன். அது முதல் தப்பு. வழியில் உப்புக் கரைசலை நீட்டினார்கள். ‘கரிசல் வெயிலையே பார்த்தவ... ஜனவரி மாசத்துக்கு இதெல்லாம் எதுக்கு?’ என்று வெறும் தண்ணீரை மட்டும் குடித்தேன். அது இரண்டாவது தப்பு.

எங்கள் ஊர்க் காற்று வறண்டது. வியர்வை உடனே காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும். கடற்கரைக் காற்றிலோ ஈரம் அதிகம். வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். உடம்பின் சூடு குறையாது. உப்பு மட்டும் வெளியேறும். அந்த நேரத்தில் வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்தால், ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகக்கூட முடியலாம்.

31-வது கிலோமீட்டரில் இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டன. உடம்பில் சேமித்து வைத்த மாவுச்சத்தும் பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தூரத்தில்தான் தீரும். ஓட்டக்காரர்கள் இதைச் ‘சுவர்’ என்கிறார்கள். நான் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தே விட்டேன். அப்பாவின் கால் ஞாபகத்துக்கு வந்தது. அழுகை முட்டியது.

தன்னார்வலராக நின்ற கல்லூரிப் பெண் ஓடிவந்தாள். “அக்கா, தலை சுத்துதா? வாந்தி வருதா? இருந்தா ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன். மறைக்காம சொல்லுங்க” என்றாள். இல்லை என்றதும் உப்புக் கரைசலும் பாதி வாழைப்பழமும் கொடுத்து, காலை நீவிவிட்டாள். “மெதுவா நடங்கக்கா. நடந்தாலும் மாரத்தான்தான்.”

கொஞ்சம் நடந்து, கொஞ்சம் ஓடி, 5 மணி 41 நிமிடத்தில் எல்லைக் கோட்டைத் தொட்டேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் மகள் நின்றிருந்தாள்.

முதல் முறை ஓடப் போகிறீர்களா?

* 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.
* புது ஷூ, புது உடை, புது உணவு... மூன்றையும் அன்றைக்குத் தவிருங்கள்.
* தொடை, அக்குளில் வாஸ்லின் தடவுங்கள். உராய்வுப் புண் வராது.
* முதல் பாதியை ‘இவ்வளவு மெதுவாகவா?’ என்று தோன்றும்படி ஓடுங்கள்.
* நெஞ்சுவலி, தலைசுற்றல், குழப்பம் இருந்தால் உடனே நின்றுவிடுங்கள். அடுத்த வருடமும் மாரத்தான் நடக்கும்.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து, அதே சாலையில் மறுபடி ஓட்டம். அப்பத்தா வழிமறித்தார்.

“என்ன தாயி, செயிச்சியா?”

“போய்ச் சேந்துட்டேன் அப்பத்தா.”

“சுகரு?”

“5.8-க்கு இறங்கியிருக்கு.”

“அப்ப செயிச்சுட்டேன்னு சொல்லு!” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தார்.