ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி

ரமலான் மாதம் பிறந்துவிட்டால், தமிழ்நாட்டில் பள்ளிவாசல் இருக்கும் தெருக்களுக்கெல்லாம் மாலை நேரத்தில் ஒரு தனி மணம் வந்துவிடும். பூண்டும் வெந்தயமும் புதினாவும் அரிசியோடு குழைந்து வேகிற மணம் அது. அஸர் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். நெற்றியில் திருநீறு பூசிய பிள்ளையும் அந்த வரிசையில் நிற்கும். "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று யாரும் கேட்பதில்லை. வாளியை நீட்டினால் கஞ்சி ஊற்றுவார்கள். அவ்வளவுதான்!

எனக்கு இந்தக் கஞ்சியை அறிமுகப்படுத்தியவர் பக்கத்து வீட்டு உம்மா. கைக்குழந்தையோடு புது ஊருக்குக் குடிபோன வருஷம். குழந்தைக்குக் காய்ச்சல். அன்று முழுக்க நான் அடுப்பே பற்ற வைக்கவில்லை. சாயங்காலம் சுவருக்கு மேலாக ஒரு கிண்ணம் நீண்டது.

"நாள் பூராவும் பட்டினி கிடந்து சமைக்கிறீங்க. எனக்கு வேறயா?" என்றேன் கூச்சத்தோடு.

"அட, உப்பு பார்த்துச் சொல்லும்மா. நோன்போட நான் வாயில வைக்கலாமா?" என்றார்.

அன்று முதல் அந்த மாதம் முழுக்க உப்பு பார்ப்பது என் வேலையாயிற்று! அவர் கையளவு ஒருநாளும் தப்பியதில்லை. என் கூச்சத்தைப் போக்கத்தான் அப்படிக் கேட்டார் என்பது பிறகுதான் புரிந்தது.

நோன்பாளி ஒருவர் நோன்பு திறக்க உணவு கொடுத்தால், அந்த நோன்பின் நன்மை கொடுத்தவருக்கும் உண்டு. நோன்பாளியின் நன்மையிலும் எதுவும் குறையாது என்பது நபிகள் நாயகத்தின் போதனை. அதனால்தான் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறந்ததும், வடை, சமோசா, கடற்பாசி என்று அவரவர் வீட்டுத் தட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறது. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் அரிசிமாவுக்குள் இறால், தேங்காய் வைத்துப் பொரிக்கும் 'வாடா' இல்லாமல் நோன்பு திறப்பே கிடையாது.

கொடுப்பதற்கு மதம் தடையில்லை என்பதைச் சென்னை திருவல்லிக்கேணியில் பார்க்கலாம். அங்கே 1795-ல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறப்போருக்கு, சூஃபிதார் என்னும் அமைப்பின் தொண்டர்கள் பல்லாண்டுகளாகச் சைவ உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த இந்து அகதி ஒருவர் தொடங்கிய அமைப்பு அது.

இனி, வீட்டிலேயே கஞ்சி காய்ச்சுவோமா?

தேவையான பொருள்கள் (ஐந்து பேருக்கு): பச்சரிசி நொய் 1 டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், வெந்தயம் 1 தேக்கரண்டி, பூண்டு 10 பல், வெங்காயம் 2, தக்காளி 2, பச்சைமிளகாய் 2, இஞ்சி விழுது 1 தேக்கரண்டி, பட்டை, கிராம்பு, ஏலக்காய் சிறிதளவு, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, புதினா, கொத்துமல்லி ஒரு கைப்பிடி, தேங்காய் அரை மூடி, எண்ணெய், உப்பு. அசைவம் சாப்பிடுகிறவர்கள் கொத்துக்கறி 100 கிராம் சேர்க்கலாம்.

செய்முறை: எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளித்து, வெங்காயம், பச்சைமிளகாய், பூண்டு, இஞ்சி விழுது போட்டு வதக்குங்கள். தக்காளி, மஞ்சள்தூள், புதினா சேர்த்து, கறி இருந்தால் அதையும் போட்டுக் கிளறுங்கள். 8 டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும், கழுவிய நொய், பருப்பு, வெந்தயம், உப்பு சேர்த்து, அடி பிடிக்காமல் கிளறிக் குழைய வேகவிடுங்கள். தேங்காய்ப் பாலைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வருமுன் இறக்கிக் கொத்துமல்லி தூவுங்கள்.

பகல் முழுதும் தண்ணீர்கூட இல்லாமல் காய்ந்த வயிற்றுக்கு இதைவிட இதமானது எது? நீரும் உப்பும் ஒன்றாகக் கிடைக்கின்றன. அரிசி தெம்பு தருகிறது. பருப்பில் புரதம் இருக்கிறது. குழைந்திருப்பதால் சுலபமாகச் செரிக்கிறது. பொரித்த பண்டங்களை மட்டும் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; வெறும் வயிற்றில் நெஞ்செரிச்சல் வரும்.

இளந்தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும், தங்களுக்கோ குழந்தைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சினால், நோன்பைத் தள்ளிவைக்க மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. வீம்புக்கு உடம்பை வருத்த வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம், ஒன்று சொல்ல மறந்துவிட்டேனே! உம்மா கஞ்சிக்கு நொய் அளந்ததும், மேலே ஒரு பிடி அள்ளிப் போடுவார். "யாருக்கு?" என்று கேட்டால், "வர்றவங்களுக்கு" என்பார். மேலே சொன்ன அளவோடு அந்த ஒரு பிடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.