அல்டாப்ராவுக்கு ஏன் கப்பலில் மட்டும்?

செஷல்ஸின் அல்டாப்ரா பவளத்தீவைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கப்பலை விட்டால் வழியில்லை. அந்நாட்டின் முக்கியத் தீவான மாஹேயிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அங்கே விமான ஓடுதளம் கிடையாது. இது குறையல்ல, காவல். 1960களில் பிரிட்டன் அங்கே ராணுவ விமானத்தளம் கட்டப் பார்த்தது. அறிவியலாளர்கள் எதிர்த்தார்கள், பிரிட்டனின் பணமுடையும் சேர்ந்துகொண்டது, 1967இல் திட்டம் கைவிடப்பட்டது. இன்று அங்கே மேயும் ராட்சத ஆமைகள் ஏறத்தாழ ஒரு லட்சம். ஓடுதளம் வந்திருந்தால் இத்தனை மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே.

அப்படியானால் சுற்றுலாக் கப்பல் மட்டும் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், காலணியில் ஒட்டிவரும் ஒரு விதைகூட அங்கே களையாகப் பரவலாம். ஆனால் ஆள் போகாவிட்டாலும் கடல் வழியே குப்பை போகிறது. 2019இல் கரையிலிருந்து அகற்றிய குப்பை சுமார் 25 டன். பெரும்பாலும் மீன்பிடி வலையும் கயிறும். துப்புரவுக்கும் கண்காணிப்புக்கும் பணம் வேண்டும். கட்டணம் கட்டி, காலணியைச் சுத்தம் செய்து, வழிகாட்டி சொல்கிறபடி இறங்குகிற பயணி அதில் ஒரு பங்கைத் தருகிறார். ஓட்டல் கட்டி ஆட்களை அங்கேயே தங்கவைப்பதைவிட, வந்து பார்த்துவிட்டுக் கப்பலுக்கே திரும்புவது தீவுக்குச் சுமை குறைவு.