பூ இறங்கும் ஊர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் “தீ மிதிக்கப் போறீங்களா?” என்று கேட்டால், ஆள் வெளியூர் என்று உடனே தெரிந்துவிடும். அங்கே அது தீ இல்லை, பூ. குழியில் கனன்று கிடக்கும் கங்குக்குப் பெயர் பூ. அதைக் கடப்பதற்குப் பெயர் ‘பூ இறங்குறது’. அம்மை கண்டவரைப் பார்த்து ‘முத்து போட்டிருக்கு’ என்று சொல்லும் சீமையில், மாரியம்மனின் நெருப்புக்கும் வேறு பெயர்தான் இருக்கும்.

பெரிய மாரியம்மன் கோயிலின் பங்குனித் திருவிழாவில் நடப்பது இது. ஆண்டாளையும் பால்கோவாவையும் வைத்தே இந்த ஊரை அறிந்தவர்கள், அன்று ரத வீதிகளில் மஞ்சள் உடையில் வரும் கூட்டத்தைப் பார்த்தால் திகைத்துத்தான் போவார்கள். ஆண்கள், பெண்கள் என ஆயிரக்கணக்கில் இறங்குகிறார்கள். பக்கத்து ராஜபாளையத்திலும் புதுப்பாளையம் மாரியம்மன் கோயிலில் பூக்குழி உண்டு. வடதமிழகத்தில் தீமிதி என்றால் பெரும்பாலும் திரௌபதி அம்மன்தான். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் தீபாவளிக்கு முன் நடக்கும் தீமிதியும் திரௌபதிக்கே. தெற்கே வர வர அந்த இடத்தை மாரியம்மன் எடுத்துக்கொள்கிறாள்.

குழியில் இருப்பது சில நொடிதான். விழா அதற்கு வெகு நாள் முன்பே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. காப்புக் கட்டியதும் கவுச்சி நின்றுபோகும், செருப்பு மூலைக்குப் போகும், படுக்கை தரைக்கு வரும். வழக்கம் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். ஆனால் ஒருவர் நேர்ந்துகொண்டால் அடுக்களை மொத்தமும் விரதம் இருக்க வேண்டியதுதான். அதில் யாருக்கும் விதிவிலக்கு கிடையாது.

குழியை உருவாக்குவது தனிக் கலை. அடுக்கிய விறகு கொழுந்துவிட்டு எரிந்து, புகை அடங்கி, கங்காக உதிரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு நீளக் கம்புகளால் அதைத் தட்டிப் பரப்புகிறார்கள். தலையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு ஓர் ஆள் முன்னே போவார்; நாலு தட்டு தட்டுவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாங்குவார்; அடுத்த ஆள் கம்பை வாங்கிக்கொள்வார். மேலே மெல்லிய சாம்பல் படர்ந்திருக்கும். காற்று வீசும்போதெல்லாம் அது விலகி, அடியிலிருந்து செவ்வந்தி நிறம் எட்டிப்பார்க்கும். பூ என்று பேர் வைத்தவர் இதைப் பார்த்துத்தான் வைத்தாரோ என்னவோ.

கால் ஏன் வெந்துபோவதில்லை? அடுப்பிலிருந்து தெறித்த கங்கை விரலாலேயே எடுத்து உள்ளே போடும் பாட்டிகளைப் பார்த்தவர்களுக்குப் பதில் பாதி தெரிந்திருக்கும். கரியும் சாம்பலும் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். ஒவ்வொரு எட்டிலும் பாதம் படுவது ஒரு நொடிக்கும் குறைவு. காய்ந்த தோசைக்கல்லில் இதே நடை நடந்தால் கதை வேறு. 1935 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஹாரி பிரைஸ் என்பவர் இதைச் சோதித்தார். காஷ்மீரைச் சேர்ந்த குடா பக்ஸ், மேற்பரப்பில் 430 டிகிரி செல்சியஸ் காட்டிய கங்கின் மேல் நடந்து, புண் இல்லாமல் வெளியே வந்தார்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. தடுக்கி விழுந்தால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. தமிழ்நாட்டில் எங்காவது ஒரு குழியில் அப்படி விழுந்த செய்தி அவ்வப்போது வரத்தான் செய்கிறது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதை மட்டுமாவது நிறுத்தலாம். நேர்ந்துகொண்டது குழந்தை இல்லையே.

ஜப்பானிலும் இதற்குச் சொந்தக்காரர்கள் உண்டு. டோக்கியோவை அடுத்த டகாவோ மலையில், பங்குனி பிறக்கிற சமயத்தில், மார்ச் இரண்டாம் ஞாயிறன்று ‘ஹிவதாரி’ நடக்கிறது. யமபுஷி எனப்படும் மலைத்துறவிகள் முதலில் கடப்பார்கள். தணல் தணிந்த பிறகு பொதுமக்கள் வரிசையில் வருவார்கள். நாச்சி ஆலயத்தில் ஜூலை 14 அன்று நடப்பது இன்னொரு வகை: 12 பெரிய தீப்பந்தங்களைத் தோளில் சுமந்து கல்படிகளில் ஏறியிறங்குகிறார்கள். அங்கே நெருப்பு, பாதையைத் தூய்மையாக்க வருவது.

ஸ்பெயினில் சான் பெத்ரோ மான்ரிகே என்ற சிற்றூரிலும் ஜூன் மாதம் கங்கில் நடக்கிறார்கள். அங்கே நடந்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் இதயத் துடிப்பை அளந்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. நடப்பவரின் துடிப்பு ஏறி இறங்கிய அதே போக்கில், ஓரமாக உட்கார்ந்திருந்த சொந்தக்காரர், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியிருக்கிறது. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அப்படி இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கருவி எதுவும் வேண்டாம், தடுப்புக்கு வெளியே நிற்பவர்களின் முகமே போதும். மகன் குழி விளிம்புக்கு வந்ததும் அம்மாவின் கை மூங்கிலை இறுக்கிப் பிடிக்கிறது. வாய் ‘ஆத்தா, ஆத்தா’ என்கிறது, சத்தம் வரவில்லை. அவன் ஏறியதும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பாதத்தைத் திருப்பிப் பார்த்து, விரலிடுக்கில் ஒட்டிய சாம்பலை முந்தானையால் துடைக்கிறாள். அவன் காலை இழுத்துக்கொள்கிறான், கூச்சமாம்.