மும்பைச் சீனர்கள் தங்கள் பூர்வீக ஊரைத் தேடுவது எப்படி?

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் ஆன்டாப் ஹில். தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி. அங்கே சீனர்களுக்கென்று தனியாக ஓர் இடுகாடு இருக்கிறது. மும்பையில் பிறந்து வளர்ந்த ஒரு சீனக் குடும்பத்துப் பேத்திக்குத் தன் கொள்ளுத்தாத்தா எந்த ஊர்க்காரர் என்று தெரிய வேண்டுமானால், அவள் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். கணினி முன் உட்காருவதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த நகரத்தின் பழைய சீனர் குடியிருப்பு, கப்பல்துறையை ஒட்டிய மஜ்காவ். தென்சீனத்தின் கான்டன் பக்கத்திலிருந்து கப்பல் வேலையில் வந்தவர்கள் அங்கே தங்கினார்கள். 1919இல் அங்கே ஒரு கோயில் கட்டினார்கள். டாக்யார்டு ரோடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. மாடியில் குவான் தாய் தெய்வத்தின் சந்நிதி. கீழ்த்தளம் ஒரு காலத்தில் கடலோடிகள் தங்கும் இடம். அடுத்தடுத்த தலைமுறைகள் உணவகம், பல் வைத்தியம், அழகு நிலையம் என்று நகரமெங்கும் பரவின.

அந்தக் கோயிலின் பெயர் சீ யூப். குவாங்டோங் மாகாணத்தில் சின்ஹுய், தைஷான், கைபிங், என்பிங் ஆகிய நான்கு மாவட்டங்களைச் சேர்த்துக் குறிக்கும் பெயர் அது. முன்னோர் அந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்றால், தேட வேண்டிய பரப்பு ஒரு பெரிய நாட்டிலிருந்து நான்கு மாவட்டங்களாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் அது போதாது. கிராமத்தின் பெயர் வேண்டும். தென்சீனத்தில் ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்களே ஒரு கிராமம் முழுக்க வாழ்வது வழக்கம். வம்சாவளிப் புத்தகமும் அந்தக் கிராமத்துக் கிளையின் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கும்.

வீட்டிலேயே கேட்டால் தெரியாதா என்று தோன்றலாம். பல வீடுகளில் தெரியாது. அதற்குக் காரணம் உண்டு. 1962 இந்திய-சீனப் போரின்போது இந்திய அரசு சுமார் 3,000 சீன வம்சாவளியினரைப் பிடித்து ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தது. பெரும்பாலானோர் அஸ்ஸாம், டார்ஜிலிங் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். சிலர் 1967 வரை அங்கே இருந்தார்கள். முகாமுக்குப் போகாத குடும்பங்களையும் பயம் விடவில்லை. சீன எழுத்துள்ள ஒரு கடிதம் வீட்டில் இருப்பதே ஆபத்து என்று நினைக்க வேண்டிய காலம் அது. பிள்ளைகளிடம் பூர்வீகம் பேசாமல் இருந்த பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

காகிதம் அழிந்த இடத்தில் கல் நிற்கிறது. சீனக் கல்லறைக் கல்லில் பெரும்பாலும் நடுவரியில் இறந்தவரின் பெயர் மேலிருந்து கீழாக இருக்கும். ஓரத்து வரிகளில் ஒன்று மாவட்டத்தையும் கிராமத்தையும் சொல்லும். இன்னொன்று நாளைச் சொல்லும். ஆண்டு பேரரசரின் ஆட்சிக் கணக்கிலோ குடியரசுக் கணக்கிலோ இருக்கும். குவாங்சு பேரரசரின் 15ஆம் ஆண்டு என்றால் 1889. குடியரசு 25 என்றால் 1936. குடியரசு ஆண்டோடு 1911ஐக் கூட்டினால் நம் ஆண்டு கிடைக்கும். மாதமும் தேதியும் பெரும்பாலும் சந்திரக் கணக்கு, அதை ஆங்கில மாதமாக அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு சிக்கல், ஊர்ப்பெயர் மாறியிருக்கலாம். இன்றைய தைஷான் 1914 வரை சின்னிங். பழைய கல்லில் சின்னிங் என்று இருப்பதைப் படித்துவிட்டு, இன்றைய வரைபடத்தில் அப்படி ஓர் ஊரே இல்லையே என்று தேடலை விட்டுவிடக் கூடாது.

படம் எடுப்பதற்குச் சாய்வான வெயில் விழும் காலை நேரம் நல்லது. எழுத்து தெளியவில்லை என்று சுண்ணக்கட்டி தேய்க்க வேண்டாம், கல் கெடும். தண்ணீர் தெளித்தாலே பல எழுத்துகள் தெரியும்.

பெயரைச் சீன எழுத்திலேயே குறித்துக்கொள்வது மிக முக்கியம். ஆங்கில எழுத்தில் இருக்கும் பெயரை நம்பித் தேடினால் வழி தவறும். கான்டன்காரர் சான் என்பதை, வடக்கத்திச் சீனர் சென் என்பார், ஹொக்கியன் பேசுபவர் டான் என்பார், எழுத்து ஒன்றுதான். மாறாக, கான்டன் உச்சரிப்பில் வோங் என்று ஒலிப்பவை முற்றிலும் வேறான இரண்டு குடும்பப் பெயர்கள். உச்சரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது, முருகன் என்ற பெயரை மட்டும் சொல்லித் திருநெல்வேலியில் ஒருவரைத் தேடுவது போல. இந்தியக் குமாஸ்தாக்கள் குடும்பப் பெயரைக் கடைசிக்குத் தள்ளியிருக்கவும் கூடும். சீன முறையில் அது முதலில் வரும்.

எழுத்தும் ஊரும் கைக்கு வந்த பிறகு வம்சாவளிப் புத்தகத்துக்குப் போகலாம். சீனத்தில் அதை ஜியாபு என்பார்கள். கிளையைத் தொடங்கிய முன்னோரிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆண்களின் பெயர்கள், மனைவியின் குடும்பப் பெயர், அடக்கம் செய்த இடம் எல்லாம் அதில் இருக்கும். பெண் பிள்ளைகளின் பெயர் பழைய புத்தகங்களில் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். அது பெரிய இழப்பு. ஒரே தலைமுறைச் சகோதரர்களின் பெயரில் பொதுவாக ஓர் எழுத்து வருவதுண்டு. தாத்தாவின் பெயரிலுள்ள அந்த எழுத்தை வைத்து அவர் எத்தனையாவது தலைமுறை என்று கண்டுபிடித்துவிடலாம். 1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியில் இந்தப் புத்தகங்கள் ஏராளமாக எரிந்தன. ஆனாலும் ஷாங்காய் நூலகத்தில் பெரிய சேகரிப்பு பிழைத்திருக்கிறது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1894இல் தொடங்கிய வம்சாவளிச் சங்கம் (இப்போது பேமிலிசர்ச்) இப்படிப்பட்ட சீன நூல்களைப் படமெடுத்து வைத்திருக்கிறது. மார்மன் சபை நடத்தும் அமைப்பு. மதம் எதுவானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பல பக்கங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம், சிலவற்றை அதன் உள்ளூர் மையங்களிலோ இணைந்த நூலகங்களிலோதான் திறக்க முடியும். அங்கே போகும்போது கல்லறைப் படம், பெயரின் சீன எழுத்து, ஊர் மூன்றும் கையில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் போனால் மையத்தில் இருப்பவர் எவ்வளவு நல்லவரானாலும் உதவ முடியாது. ஹரித்துவாரின் பண்டாக்கள் என்னும் புரோகிதர்கள் வைத்திருக்கும் குடும்பப் பதிவேடுகளையும் இதே சங்கம் படமெடுத்திருக்கிறது என்பது நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

சீன முன்னோர் தமிழ்நாட்டிலும் உண்டு. 1860களில் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை நீலகிரியின் நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்ட வேலைக்கு வைத்தார்கள். விடுதலையான சிலர் கூடலூர்ப் பக்கம் தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டார்கள். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அவர்களின் வழிவந்தவர்கள் ஊரைத் தேட நினைத்தால், கல்லறையைவிட எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் பழைய அரசு ஆவணங்களே தொடங்கும் இடம்.

ஏப்ரல் முதல் வாரத்தில் சிங்மிங் நாள் வருகிறது. சீனக் குடும்பங்கள் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து படையல் வைக்கும் நாள். உங்கள் வகுப்புத் தோழரோ பக்கத்து வீட்டுக்காரரோ மும்பைச் சீனராக இருந்தால், அன்று ஆன்டாப் ஹில்லில் ஒவ்வொரு கல்லையும் படமெடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் சீன எழுத்து படிக்கத் தெரிந்த கடைசி மூத்தவர் இருக்கும்போதே அந்தப் படங்களை அவர் முன் வைத்து, அவர் சொல்வதைக் குரல்பதிவு செய்யுங்கள்.